வன்னி வெயிலும் வைப்பர் பிளேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் கௌண்டரில் நிற்பவன் நான். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள், கடை திறக்க முன்பே வாசலில் நாலைந்து வாகனம் நிற்கும். எல்லாருக்கும் வைப்பர் பிளேட் வேண்டும், எல்லாருக்கும் அதே சந்தேகங்கள். பில் எழுதிக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

“அண்ணை, வைப்பர் பிளேட் எண்டால் எது? முழுக்கையையும் கழட்ட வேணுமோ?”

வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே இருந்து வளைந்து வரும் இரும்புத் தண்டுதான் கை. அதன் நுனியில் கொக்கிபோட்டு மாட்டியிருப்பது பிளேட். பிளேட்டுக்குள் ஓடும் கறுப்புப் பட்டிதான் றப்பர். கண்ணாடியைத் தொடுவது அந்த றப்பரின் மெல்லிய விளிம்பு மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்திருக்க இருப்பவை. சாதாரணமாக மாற்றுவது பிளேட்டை, அல்லது றப்பரை மட்டும். கை பல வருடம் உழைக்கும்.

“எத்தனை மாதத்துக்கு ஒருக்கா மாத்த வேணும்?”

பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் நான் சொல்வது வருடத்துக்கு ஒரு தரம், அதுவும் புரட்டாதி கடைசியில். காரணம் இருக்கிறது. வன்னியில் வைப்பர் மழையில் தேய்ந்து போவதில்லை, வெயிலில்தான் சாகிறது. வருடத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். தையில் கொஞ்சம், சித்திரையில் பின்னேர இடிமழை கொஞ்சம். மற்ற மாதமெல்லாம் றப்பர் சும்மா கிடந்து கொதிக்கும் கண்ணாடியில் வேகுகிறது. ஒரே பக்கம் சாய்ந்தபடி கிடந்து அப்படியே இறுகிவிடும்.

சித்திரை மழையைப் பார்த்துப் பயந்து அந்த மாதமே புதுசு வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. கடைக்கு வியாபாரம்தான், ஆனால் ஐப்பசி வரும்போது அது ஆறு மாதம் வெந்த பழசாகியிருக்கும். சித்திரையில் பழசைத் துடைத்துச் சமாளியுங்கள், புதுசைப் புரட்டாதிக்கு வையுங்கள்.

“மாத்திற நேரம் வந்திட்டுதா எண்டு எப்பிடிப் பார்க்கிறது?”

கையைத் தூக்கி, றப்பர் விளிம்பை நகத்தால் ஒரு பக்கம் சாய்த்து விடுங்கள். நல்ல றப்பர் உடனே நிமிரும். சாய்ந்த இடத்திலேயே நின்றால் இறுகிவிட்டது என்று அர்த்தம். பிறகு விளிம்பு நீளத்துக்கு விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பல்லுப் பல்லாகத் தட்டுப்பட்டால், நுனியில் கிழிந்து நூல்போலத் தொங்கினால், வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கண்ணாடியில் விழும் கோலமும் காட்டிக்கொடுக்கும். மெல்லிய கோடு விழுந்தால் விளிம்பில் அழுக்கு அல்லது கிழிசல். அகலமான பட்டையாகத் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. முழுக்க மங்கலாகப் பூசிவிட்டுப் போனால் எண்ணெய்ப்படலம். துள்ளித் துள்ளிப் போனால் அதற்குத் தனிக் கதை இருக்கிறது, கீழே வரும்.

“துடைச்சால் கோடு கோடா விழுது. புதுசு ஒண்டு தாங்கோ.”

தருகிறேன், ஆனால் முதலில் துடைத்துப் பாருங்கள். விசுவமடுவில் இருந்து ஒரு ரீச்சர் இப்படித்தான் வந்து கேட்டார். கௌண்டரில் இருந்த வெள்ளைச் சீலையை நனைத்து, றப்பரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மேலிருந்து கீழ்வரை ஒரு இழுவை இழுத்தேன். சீலையில் கரிக்கட்டியால் கீறியதுபோல் ஒரு கறுப்புக் கோடு, நடுவில் செம்மண். சீலையை மடித்து மடித்து ஆறேழு தரம் இழுத்தபிறகு கறை குறைந்தது. கண்ணாடியையும் கழுவி வைப்பரைப் போட்டால் கோடு இல்லை. அவர் புதுசு வாங்காமலே போனார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை வேறு விஷயம்.

வெறும் தண்ணீரும் துளி சவர்க்காரமும் போதும். கறுப்பு முழுக்க நிற்கும்வரை தேய்க்க வேண்டாம். றப்பரில் வழுக்குவதற்காகக் கிரபைட் பூசியிருப்பார்கள், அழுத்தித் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். செம்மண் வருவது நின்றால் நிறுத்திவிடலாம். கோடை மாதங்களில் கிழமைக்கு ஒரு தரம் இதைச் செய்தால் றப்பருக்கு ஆயுள் கூடும்.

“புழுதி படிஞ்சிருக்கு. காஞ்ச கண்ணாடியில ஒருக்கா போட்டு எடுத்தால் என்ன?”

கடையில் நான் குரல் உயர்த்துவது இந்த ஒரு கேள்விக்குத்தான். ஒட்டுசுட்டான் பக்கம், துணுக்காய் பக்கம் உள்ளே போகும் கிரவல் வீதிகளில் கோடையில் ஒரு ரிப்பர் லொறி முன்னால் போனால் போதும், கண்ணாடி சிவந்துவிடும். அந்தப் புழுதியில் பாதி மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் றப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மணல் அகப்பட்டு, கைக்குக் கை வட்டமாகக் கீறிக்கொண்டு போகும். பகலில் அது தெரியாது. இரவில் எதிரே பஸ் லைற் அடிக்கும்போது, கண் முன்னால் வானவில் மாதிரி ஒரு வளைவு மின்னும். அதுதான் அந்தக் கீறல்.

றப்பரை மாற்றலாம், கீறலை மாற்ற முடியாது. ஆழமான கீறலைப் பொலிஷ் போட்டு எடுக்கப் போனால் கண்ணாடி அந்த இடத்தில் குழிந்து, பார்ப்பது நெளிநெளியாகத் தெரியும். ஆகவே ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். முதலில் மேலிருந்து ஊற்றிப் புழுதியைக் கழுவி விட்டுத்தான் வைப்பர். தண்ணீர் இல்லையா, தும்புத்தடி மாதிரி மெதுவான ஏதாவது ஒன்றால் தட்டிவிட்டுப் போங்கள். வைப்பர் சுவிச்சைத் தொடாதீர்கள்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு தொல்லை. வெட்டு மெசின் ஓடும் வயலோரம் போனால் நெல்லுச் சுணை வந்து கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் இடையில் உள்ள கிடங்கில் நிறைந்துவிடும். வைப்பர் கை படுப்பதும் அதற்குள்தான். அதைக் கையால் அள்ளிக் கொட்டுங்கள். விட்டால் முதல் மழையில் ஊறித் தண்ணீர் போகும் ஓட்டையையும் அடைக்கும்.

“தேங்காய் எண்ணெய் பூசினால் றப்பர் மெதுவாகும் எண்டு அப்பா சொல்லுறார். உண்மையோ?”

ஒரு நாளைக்கு மெதுவாக இருக்கிறமாதிரித் தெரியும். பிறகு மழை வந்தால் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப்படலம். எதிர் லைற்றில் ஒன்றும் தெரியாது. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம். அவை றப்பரை ஊதவைத்து விளிம்பை நெளியவைக்கும். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான்.

மட்டத்தாளால் விளிம்பைத் தேய்த்தால் புதுசு மாதிரி வரும் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. விளிம்பு நேராக இருப்பதற்காக அதைத் தொழிற்சாலையில் ஒரே வெட்டாக வெட்டியிருப்பார்கள். தேய்த்தால் அந்த நேர்க்கோடு போய்விடும். அவசரத்துக்குக்கூட அதைச் செய்ய வேண்டாம்.

“என்ர காருக்கு என்ன சைஸ்?”

வண்டியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, எந்த வருட உரு, அதாவது மொடல், என்பதும் வேண்டும். ரொயோட்டா விட்ஸையே எடுங்கள். பழைய உருவில் முன்னுக்கு இரண்டு வைப்பர். 2010 கடைசியில் ஜப்பானில் வந்த உருவில் ஒரே ஒரு நீள வைப்பர். பெயர் ஒன்றுதான், பிளேட் வேறு. அளவுநாடாவால் பழைய பிளேட்டின் றப்பரை நுனிக்கு நுனி அளந்துகொண்டு வாருங்கள், அல்லது பிளேட்டையே கழற்றிக்கொண்டு வாருங்கள். பெட்டியில் அங்குலத்திலும் மில்லிமீற்றரிலும் இருக்கும். 16 அங்குலம் 400, 20 அங்குலம் 500, 24 அங்குலம் 600, 26 அங்குலம் 650 என்று கிட்டத்தட்டக் கணக்கு.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது. எங்கள் வண்டிகளில் வலது, அதாவது சாரதி பக்கம்தான் பெரும்பாலும் நீளம். கேட்ட அளவு இல்லாவிட்டால் ஒரு அங்குலம் குறைத்துப் போடலாம். கூட்டிப் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதும் அல்லது கண்ணாடி ஓரத்தில் இடிக்கும்.

“றப்பர் மட்டும் மாத்தினால் காணாதா? அது மலிவுதானே.”

பிளேட் சட்டம் நல்லாக இருந்தால் தாராளமாகக் காணும். ஜப்பான் வண்டிகளோடு வந்த பழைய இரும்புச் சட்டங்கள் பல இன்றைய மலிவான முழுப் பிளேட்டைவிட உறுதியானவை. சட்டத்தின் மூட்டுகளை ஆட்டிப் பாருங்கள். இலேசாக அசைந்தால் சரி, லொடலொடவென்றால் அல்லது துருப்பிடித்து அசையாமல் நின்றால் முழுசாக மாற்றுங்கள்.

றப்பரின் ஒரு நுனியில் பூட்டுப் பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்தால் இழுத்தால் கழன்று வரும். அதோடு இரண்டு மெல்லிய இரும்புத் தகடும் வரும், எறிந்துவிட வேண்டாம். எந்தப் பக்கம் எப்படி வளைந்திருந்தது என்று பார்த்து வைத்து, புது றப்பரில் அதேமாதிரிச் செருகி உள்ளே தள்ளுங்கள். பூட்டு முனை பெரும்பாலும் கையின் அடிப்பக்கம் வரும். றப்பரின் அகலமும் முக்கியம், 6 மில்லிமீற்றர் சட்டத்தில் 8 மில்லிமீற்றர் போகாது. பழைய துண்டைக் கொண்டுவாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

“எலும்பு மாதிரிச் சட்டம் இருக்கிறதோ, தட்டையா வாறதோ, எது நல்லம்?”

தட்டையானதில் மூட்டு கிடையாது, உள்ளே ஒரு வளைந்த தகடு முழு நீளத்துக்கும் அழுத்தும். செம்மண்ணும் உப்பும் புகுந்து அடைக்க இடம் குறைவு, வேகத்தில் காற்றும் குறைவாகப் பிடிக்கும். எங்கள் வீதிக்கு எனக்கு அதுதான் பிடித்தம். ஆனால் கண்ணாடியின் வளைவும் தகட்டின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். மலிவான தட்டைப் பிளேட்டுகளில் நுனி இரண்டும் கண்ணாடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் நல்ல சட்டப் பிளேட்டே மேல்.

பெட்டியில் ஜப்பான் கொடி இருக்கிறதா என்று பார்க்காமல் றப்பரைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விளிம்பு நேராக இருக்கிறதா, மேலே சொன்ன நகச் சோதனையில் நிமிர்கிறதா என்று பாருங்கள். தட்டில் இரண்டு வருடம் கிடந்த புதுசும் பழசுதான். கடைக்காரன் முகத்தைச் சுழித்தாலும் பெட்டியைத் திறந்து பார்ப்பது உங்கள் உரிமை.

“நானே மாத்தலாமோ, கராஜுக்குக் கொண்டு போகவோ?”

பத்து நிமிட வேலை. கையைக் கண்ணாடியில் இருந்து தூக்கி நிமிர்த்தி விடுங்கள். கண்ணாடியில் ஒரு தடித்த துவாயை மடித்து விரியுங்கள், இதைத் தவறவிட வேண்டாம். கொக்கிக் கை என்றால், பிளேட்டைக் கைக்குக் குறுக்காகத் திருப்பினால் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் நாக்குத் தெரியும். அதை அழுத்திக்கொண்டு பிளேட்டைக் கையின் அடிப்பக்கமாக, கீழ்நோக்கித் தள்ளுங்கள். கொக்கியில் இருந்து விடுபடும். மேலே இழுத்து மல்லுக்கட்டுகிறவர்கள்தான் நாக்கை உடைப்பது. புதுசைக் கொக்கிக்குள் விட்டு மேலே இழுத்தால் “டிக்” என்று ஒரு சத்தம் வரும். அது வராமல் விட்டால் மழைக்குள் பிளேட் பறக்கும்.

துவாய் ஏன்? என் பழைய வானுக்கு ஒரு நாள் பின்னேரம் பிளேட்டைக் கழற்றிவிட்டு, புதுசை எடுக்கத் திரும்பினேன். முழங்கை பட்டு வெறும் கை ஸ்பிறிங் வேகத்தில் கண்ணாடியில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினதுபோல் ஒன்று. சாரதி பக்கம் ஐம்பது சதக் குத்தி அளவில் நட்சத்திர வெடிப்பு. அடுத்தநாள் முல்லைத்தீவு வீதியால் போய் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், நட்சத்திரத்துக்கு ஒரு கால் முளைத்து மறுகரை வரை போயிருந்தது. ஒரு பிளேட் மாற்றப்போய் முழுக் கண்ணாடி மாற்றினேன்.

“கையைத் தூக்கினால் பொனற்றில இடிக்குதே, எப்பிடி நிமித்திறது?”

சில கார்களில் கை பொனற் விளிம்புக்குக் கீழே மறைந்து நிற்கும். இழுத்துத் தூக்கினால் பெயின்ற் போகும். வைப்பரைப் போட்டு, கைகள் கண்ணாடியின் நடுவுக்கு வரும்போது திறப்பை ஓவ் பண்ணுங்கள். சாதாரண வண்டிகளில் அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்து, கைகளைப் படுக்கவைத்த பிறகு மட்டும் திறப்பைப் போடுங்கள். சில புதிய கார்களில் இதற்கென்று சுவிச்சில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

“புதுசு போட்டும் கடகட எண்டு துள்ளுதே அண்ணை. குடுத்தது பழுதோ?”

பழுதாக இருக்கலாம், ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு பிளேட் குற்றமில்லை. முதலில் கண்ணாடி. சேர்விஸில் மெழுகு கலந்த ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பார்கள், அல்லது டீசல் புகை, மரத்துப் பால், எண்ணெய் ஏதாவது படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் துளி விட்டு நன்றாகத் தேய்த்து, கழுவி, திரும்பப் போட்டுப் பாருங்கள். பலருக்கு இதோடு கதை முடியும்.

முடியாவிட்டால் கையின் கோணம். றப்பர் விளிம்பு எப்போதும் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தபடி இழுபட வேண்டும். கை திரும்பும்போது விளிம்பும் மறுபக்கம் புரள வேண்டும். கை கொஞ்சம் முறுகியிருந்தால் ஒரு பக்கம் புரளாது, குத்திக்கொண்டு போகும். போகும்போது சத்தம், வரும்போது இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் பார்ப்பது இதைத்தான். பிளேட்டைக் கழற்றி, கையின் நுனியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், தட்டையான பக்கம் கண்ணாடிக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சீலை சுற்றிய குறட்டால் துளித் துளியாகத் திருத்தலாம். கை நடுங்குகிறவர்கள் கராஜ் அண்ணையிடம் விட்டுவிடுங்கள்.

“ஓரமெல்லாம் துடைக்குது, நடுவில ஒரு பட்டை மட்டும் தண்ணியா நிக்குது. வேகமாப் போனால் இன்னும் மோசம்.”

அழுத்தம் போதவில்லை. கையின் அடிமூட்டுக்குள் ஒரு ஸ்பிறிங் இருக்கிறது, அதுதான் பிளேட்டைக் கண்ணாடியில் அமர்த்துகிறது. வருடங்கள் போக அது தளரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில் திறக்கும்வரை புது வண்டி பெரும்பாலும் வரவில்லை. ஆகவே இங்கே ஓடுகிறதில் பெரும்பங்கு தளர்ந்த ஸ்பிறிங்தான். இரண்டு கையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட இலேசாக வந்தால் அதுதான். ஸ்பிறிங்கைத் தனியாக மாற்றுவதைவிட முழுக்கையை மாற்றுவது இலகு. பழைய உதிரிச் சாமான் கடையில் அதே உருவின் கை கிடைக்கும்.

மாங்குளம் தாண்டி நேர் வீதியில் வேகம் கூடும்போது காற்று பிளேட்டைத் தூக்குவதும் இதே காரணத்தால்தான். அந்த மழையில் அந்த வேகம் எதற்கு என்பது நான் கேட்கும் கேள்வி.

“தண்ணி அடிக்கிற போத்தலுக்குள்ள கிணத்துத் தண்ணி விடலாமோ?”

உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அதே சுண்ணாம்பு போத்தலிலும் குழாயிலும் ஊசிமுனை ஓட்டையிலும் படியும். எங்கள் பக்கம் பல கிணறுகள் அப்படித்தான். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் குடிக்க வாங்கும் பில்டர் தண்ணீரில் இரண்டு லீற்றர் விடுங்கள். சவர்க்காரத்தூள் போடாதீர்கள், நுரை காய்ந்து அடைக்கும். குளிர்நாட்டில் உறையாமல் இருக்க விடும் திரவம் எங்களுக்குத் தேவையே இல்லை.

ஓட்டை அடைத்தால் தையல் ஊசியால் மெதுவாகக் குத்தித் திறக்கலாம். கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சீலையில் தொட்டுத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயின்றில் வழிந்து காய விடாதீர்கள்.

“முதல் மழைக்குப் பிறகு ஈசல் வந்து அடிச்சுக் கண்ணாடி பிசுபிசுக்குது. வைப்பர் போட்டால் இன்னும் பூசுது.”

பூசத்தான் செய்யும். பூச்சிச் சாறு பசை மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சத் தண்ணீரை அடித்து வைப்பரைப் போட்டால் கண் மறையும் அளவுக்குப் பூசிவிடும். போடுவதென்றால் தண்ணீரைத் தாராளமாக அடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம். முறிகண்டியில் எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க முதல் கண்ணாடியில் ஈரச் சீலையை விரித்துவிட்டுப் போங்கள். கும்பிட்டுவிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு வர ஊறியிருக்கும். ஒரு துடை போதும். பிறகு றப்பரையும் துடைக்க மறக்க வேண்டாம்.

“மழைக்க கண்ணாடி புகார் மாதிரி மூடுது. புது வைப்பர் போட்டும் போகேல்ல.”

உள்ளே விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிந்தால் புகார், அதாவது பனிமூட்டம், உள்ளே. ஆட்களின் மூச்சும் நனைந்த உடுப்பும்தான் காரணம். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெளிக்காற்றை எடுக்க விடுங்கள். கோடு தெளியாவிட்டால் புகார் வெளியே. ஏசி கண்ணாடியைக் குளிரவைத்து, வெளியே உள்ள ஈரம் அதில் படிகிறது, குளிர்ச் சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல. அப்போது ஏசிக் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியில் இருந்து விலக்குங்கள். இரண்டுக்கும் மருந்து நேர்மாறு என்பதால் விரல் சோதனையை விட வேண்டாம்.

உள்ளும் இல்லை, வெளியும் இல்லை, ஆனால் இரவில் மட்டும் மங்கல் என்றால், கண்ணாடியின் உள்பக்கத்தைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று யோசியுங்கள். அல்லது கிரவல் கல் பட்டுப்பட்டு விழுந்த பொட்டுப் பொட்டான குழிகள். அதற்கு வைப்பர் பொறுப்பில்லை.

“பின் வைப்பர் தேவையே? நான் கழட்டி வைச்சிருக்கிறன்.”

வாகன்ஆர், விட்ஸ் மாதிரிப் பின்பக்கம் நிமிர்ந்து முடியும் கார்களில் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று புழுதியை இழுத்துக் கண்ணாடியில் அப்பும். எங்கள் வீதிகளில் அது தேவைதான். ஆனால் புழுதி அதிகம் படிவதும் அங்கேதான், ஆகவே காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடக்கூடாது என்பது அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். பின் பிளேட்டின் பூட்டு முன்னதைப் போல இருக்காது, வண்டிக்கு வண்டி வேறு. பழசைக் கொண்டுவராமல் வாங்க வராதீர்கள்.

“வெயிலில நிப்பாட்டேக்க வைப்பரைத் தூக்கி விடுறது நல்லம்தானே?”

றப்பருக்கு நல்லது, மற்றதுக்கு இல்லை. நாள் முழுக்கத் தூக்கி வைத்தால் ஸ்பிறிங் இழுபட்டபடி நிற்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கை சடாரென்று விழலாம், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே என் கதையில் இருக்கிறது. நிழல் தேடுங்கள், கிடைக்காவிட்டால் றப்பருக்கு மேலே ஒரு பழைய சீலையைப் போட்டுவிடுங்கள்.

“நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரம். எங்கட வைப்பர் கெதியாத் துருப்பிடிக்குது.”

உப்புக் காற்று. மன்னார்க்காரரும் ஆனையிறவு உப்பளப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். கிழமைக்கு இரண்டு தரம் நல்ல தண்ணீரால் கையின் அடிமூட்டைக் கழுவி, காய்ந்தபிறகு மூட்டுக்கு மட்டும் ஒரு துளி மெசின் எண்ணெய் விடுங்கள். றப்பரில் படக்கூடாது. உங்களுக்குத் தட்டைப் பிளேட்தான் என் சிபாரிசு.

“மோட்டர் சத்தம் கேக்குது, கை அசையேல்ல.”

கையின் அடியில் உள்ள மூடியைக் கிளப்பினால் ஒரு நட் இருக்கும். அது தளர்ந்து கை வழுக்குகிறது. மோட்டரை ஓட விட்டு நிறுத்தி, அது தன் ஓய்விடத்துக்கு வந்தபிறகு கையைப் படுக்கும் நிலையில் வைத்து நட்டை இறுக்குங்கள். இரண்டு கையும் ஒன்றாக நின்றிருந்தால் உள்ளே இணைப்புத் தண்டின் பிளாஸ்ரிக் மூட்டுக் கழன்றிருக்கலாம், அது கராஜ் வேலை. சத்தமே இல்லை என்றால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

“நடு வழியில, அடைமழைக்க வைப்பர் நிண்டிட்டால்?”

ஓரங்கட்டி, நாலு பக்கச் சிக்னலையும் போட்டு, மழை விடும்வரை இருங்கள். முதல் பதில் அதுதான், இரண்டாவது பதில் அவசரத்துக்கு மட்டும். பழைய லொறிக்காரர் வெற்றிலைப் பையில் இருக்கும் புகையிலைத் துண்டை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். தேய்த்த இடத்தில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் மெல்லிய படலமாக வழியும், வீதி மங்கலாகவாவது தெரியும். 2018 மார்கழி வெள்ளத்தில் பரந்தன் பக்கம் ஒரு ஐயா எனக்கு அதைச் செய்து காட்டினார். தருமபுரம் வரை நடை வேகத்தில் வந்து சேர்ந்தேன். மழை கடுமையாக இருந்தால் சில நிமிடத்தில் கழுவிப் போய்விடும், திரும்ப இறங்கித் தேய்க்க வேண்டும்.

மோட்டர் இல்லாத வைப்பர் ஒன்றும் புதுமையில்லை. 1903 இல் அமெரிக்காவில் மேரி அண்டர்சன் என்ற பெண் காப்புரிமை வாங்கிய வைப்பரே உள்ளிருந்து கைப்பிடியால் இழுப்பதுதான். ஓட்டோவில் மோட்டர் நின்றால் எங்கள் பெடியள் கையை வெளியே நீட்டி அதையே இழுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒற்றைக் கையால் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்து “மோட்டர் இருக்கோ அண்ணை” என்று நனைந்தபடி கேட்டவர்கள் போன மாரியில் மட்டும் மூன்று பேர். மூன்று பேருக்கும் பியூஸ்தான் போயிருந்தது.